பழைய துர்க்மென் கம்பளம், பலூச் ரக்: வாங்கறவங்களும் வச்சிருக்கறவங்களும் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கையால முடிச்சுப் போட்டு நெய்த பழைய கம்பளி ரக் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். அதிகம் பேசப் போறது மத்திய ஆசியாவோட துர்க்மென் கூட்டங்கள் நெய்ததைப் பத்தி, கூடவே பலூச், கஷ்காய் மாதிரி அக்கம்பக்கத்து மக்களோடதும் கொஞ்சம் வரும்.

துர்க்மென் கம்பளம்னு எதைச் சொல்றாங்க, யார் நெய்தது?

காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே ஆரம்பிச்சு ஆமு தரியா ஆறு வரைக்கும், கீழ வடக்கு ஆப்கானிஸ்தான், வடகிழக்கு ஈரான் வரைக்கும் பரவியிருந்த துர்க்மென் கூட்டங்களோட பொம்பளைங்க நெய்தது. தெக்கே, யோமுத், சாலோர், சாரிக், எர்சாரி, சௌதூர், அரபாச்சி, இதெல்லாம் அந்தக் கூட்டங்களோட பேரு. ஆடு, ஒட்டகம் மேய்ச்சு கூடாரத்துல வாழ்ந்தவங்க, பாலைவனச் சோலை ஓரமா கொஞ்சம் விவசாயமும் உண்டு. தறின்னா தரையோட தரையா படுக்க வைக்கிற தறிதான், நாலு முளை அடிச்சு ரெண்டு கட்டைக்கு நடுவுல பாவு நூலை, அதாவது நீளவாக்குல ஓடற நூலை, இழுத்துக் கட்டிடுவாங்க, இடம் மாறணும்னா பாதி நெய்ததை அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போயிடலாம். பாவு, குறுக்கே ஓடற ஊடை, முடிச்சு மூணுமே பொதுவா கம்பளி. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ நிறைய இடத்துல உதவும்.

2019ல துர்க்மெனிஸ்தான் நாட்டோட கம்பள நெசவை யுனெஸ்கோ தன்னோட பாரம்பரியக் கலைகள் பட்டியல்ல சேர்த்துது. அந்த நாட்டுக் கொடியிலயே இடது பக்கம் செங்குத்தா அஞ்சு கம்பள டிசைன் இருக்கும், பார்த்திருப்பீங்க.

கடைல "பொக்காரா"னு சொல்றாங்களே, அது வேறயா?

இன்னிக்கு உஸ்பெகிஸ்தான்ல இருக்கற பொக்காரா நெய்த ஊர் இல்ல, வித்த ஊர். துர்க்மென் சரக்கு அந்தச் சந்தை வழியா வெளிய போச்சு, மேற்கத்திய வியாபாரிங்க சந்தை பேரையே வச்சுட்டாங்க. தெக்கே கம்பளத்துக்கு "ராயல் பொக்காரா", கூடாரத்து வாசல்ல தொங்கவிடற எங்ஸிக்கு "பிரின்சஸ் பொக்காரா", சாலோர், சாரிக் சரக்குக்கு "பெண்டே"ன்னு அவங்க இஷ்டத்துக்குப் பேரு வச்சாங்க.

இன்னிக்கு இந்தியாவுல "பொக்காரா"னு உங்க முன்னாடி விரிக்கறது பெரும்பாலும் வேற சரக்கு. பாகிஸ்தான்ல லாகூர், கராச்சி பக்கம் பிரிவினைக்கு அப்புறம் ஏற்றுமதிக்காக நெய்ய ஆரம்பிச்சது ஒண்ணு, காஷ்மீர்ல அதே டிசைன்ல நெய்யறது இன்னொண்ணு. ரெண்டுமே கை முடிச்சுதான், கெட்ட சரக்குன்னு சொல்லவே மாட்டேன், மெத்துன்னு இருக்கும், கால் வைக்க சுகமா இருக்கும். ஆனா குஞ்சத்தைப் பாருங்க, வெள்ளை வெளேர்னு பருத்தி நூல் இருந்தா அது துர்க்மென் கூடாரத்துல பிறந்தது இல்ல. பழைய துர்க்மென்ல குஞ்சம்ங்கறது பாவோட முனைதானே, அது கம்பளியாதான் இருக்கும், தந்த நிறமோ லேசா பழுப்போ, சிலதுல ஆட்டு மயிரும் கலந்திருக்கும்.

நடுவுல வரிசையா வர்ற அந்த எட்டுக்கோண டிசைனுக்கு என்ன பேரு? அதை வச்சே எந்தக் கூட்டம்னு சொல்லிடலாமா?

குல்னு சொல்லுவாங்க. தெக்கே குல் ஓரம் வளைஞ்ச எட்டுக்கோணம், நாலா பிரிஞ்சு மாத்தி மாத்தி நிறம் வரும், மெல்லிசா ஒரு கருநீலக் கோடு ஒரு குல்லோட நடுவுலேந்து அடுத்ததோட நடுவுக்குப் போய் முழுக் கம்பளத்தையும் கட்டம் கட்டிடும். யோமுத்துல கொக்கி கொக்கியா வர்ற டயமண்ட் குல் உண்டு, கெப்சேன்னு இன்னொரு வகை உண்டு, நிறம் கொஞ்சம் ஊதாப் பழுப்பா இருக்கும். எர்சாரில குல் பெருசு, மஞ்சளும் தாராளமா வரும், ஆப்கான் பக்கம் அதைத்தான் யானைக்கால்னு அவங்க பாஷையில சொல்றாங்க. சௌதூர்ல படிக்கட்டு மாதிரி ஓரம் வச்ச எர்த்மென் குல், ஊடையில பருத்தியும் கலந்து வரும்.

ஆனா டிசைன் மட்டும் பார்த்து கூட்டம் சொன்னீங்கன்னா அடிக்கடி தப்பாகும். டிசைன் ஊர் விட்டு ஊர் போகும். சாலோர் கூட்டம் 19ஆம் நூற்றாண்டுல பாரசீகப் படை, தெக்கேக்காரங்கன்னு ரெண்டு பக்கமும் அடி வாங்கி சிதறிப்போச்சு, அவங்களோட குல்லை அப்புறம் தெக்கே, சாரிக் பொம்பளைங்க தங்களோட பைகள்ல நெய்தாங்க. தௌக் நுஸ்கான்னு குட்டி குட்டி மிருகம் வச்ச குல் யோமுத், சௌதூர், அரபாச்சி, எர்சாரி எல்லார்கிட்டயும் இருக்கு. லாகூர்ல நெய்தவர் தெக்கே குல்லை அச்சு அசலா போடுவார். டிசைனைப் பார்த்து நெய்துடலாம். ஆனா கை பழகின முடிச்சு, பாவை இழுக்கிற விதம், ஊடை தட்டற அழுத்தம், இதெல்லாம் அம்மாகிட்டேந்து பொண்ணுக்குப் போறது, அதைப் பார்த்து காப்பி அடிக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால எந்த ரக் கைக்கு வந்தாலும் முதல்ல திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்க, டிசைனை அப்புறம் பார்த்துக்கலாம்.

முதுகுல என்ன பார்க்கணும்? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியுதே.

கொஞ்ச நாள்ல பழகிடும். முடிச்சு ரெண்டு வகை. ஒண்ணு சமச்சீர் முடிச்சு, துருக்கி முடிச்சுன்னும் சொல்லுவாங்க, ரெண்டு பாவு இழைக்கும் மேல சுத்தி ரெண்டு முனையும் நடுவுல வெளிய வரும். இன்னொண்ணு சமச்சீர் இல்லாதது, பாரசீக முடிச்சு, ஒரு பாவு இழையை முழுசா சுத்தும், பக்கத்து இழைக்குப் பின்னாடி சும்மா போயிட்டு வரும். எப்படிப் பார்க்கறதுன்னா, ரக்கை ஊடை ஓடற கோட்டோட மடிச்சு பைலை, அதாவது மேல முடி மாதிரி நிக்கற கம்பளியை, பிரிச்சு அடி வரைக்கும் பாருங்க, ரெண்டு இழை மேலயும் கழுத்துப்பட்டி மாதிரி குறுக்கே நூல் ஓடினா சமச்சீர், ஒரு இழை மட்டும் மூடி இன்னொண்ணு பக்கத்துல திறந்து தெரிஞ்சா சமச்சீர் இல்லாதது.

தெக்கேல சமச்சீர் இல்லாத முடிச்சு, வலது பக்கம் திறந்தது. எர்சாரி, சௌதூரும் அதே, ஆனா எர்சாரி முடிச்சு பெருசு. சாலோர்ல இடது பக்கம் திறந்தது, அதோட ஒரு விட்டு ஒரு பாவு இழை உள்ள அமுங்கி இருக்கும், முதுகைத் தடவினா வரி வரியா, கெட்டியா கைக்குத் தெரியும். யோமுத்ல பெரும்பாலும் சமச்சீர், பழைய சாரிக்லயும் சமச்சீர். விதிவிலக்கு உண்டு, யோமுத் குடும்பத்துலயே சிலது பாரசீக முடிச்சுல வரும், ஆனா இந்த அளவு தெரிஞ்சாலே பாதி சண்டை முடிஞ்சுடும். தெக்கே குல் இருக்கு, முடிச்சு சமச்சீர், பாவு பருத்தின்னா, கடைக்காரர் சொல்ற கதையைக் கொஞ்சம் நிறுத்தி வச்சுட்டு யோசிங்க.

அப்புறம் ஊடை. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் நடுவுல எத்தனை ஊடை, என்ன நிறம், தளர்வா கெட்டியான்னு பாருங்க. பலூச்ல கரும்பழுப்பு ஊடை நல்லாவே தெரியும். ஓரம் எப்படிக் கட்டியிருக்கு, பழைய ஓரமா, பின்னாடி வேற நூல்ல சுத்தினதா, அதையும் பாருங்க.

ஒரு சதுர இஞ்ச்ல எத்தனை முடிச்சுன்னு கேட்டு வாங்கினா போதுமா?

போதாது. தெக்கேல சதுர இஞ்சுக்கு 200 முடிச்சு சாதாரணமா வரும், பலூச்ல 60லேந்து 100, எர்சாரில அதை விடவும் கம்மி இருக்கலாம். அதனால தெக்கே உசத்தி எர்சாரி மட்டம்னு ஆகாது, எர்சாரில பெஷிர்ங்கற வகைக் கம்பளங்கள்ல வர்ற மஞ்சளும் பச்சையும் சேர்ந்த அந்தப் பெரிய டிசைனுக்கு அந்த முடிச்சுதான் சரி. ஒரே கூட்டத்துக்குள்ள ஒப்பிடும்போதுதான் எண்ணிக்கைக்கு அர்த்தம்.

இதெல்லாம் தரைல விரிக்கத்தானே நெய்தாங்க?

இல்லவே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான். கூடாரத்துல அன்றாடம் தரைல கிடந்தது பெரும்பாலும் ஃபெல்ட் விரிப்பு, அதாவது நெய்யாம கம்பளியை அழுத்தி உருட்டிச் செய்யறது, பெரிய முடிச்சுக் கம்பளத்தை விசேஷத்துக்கும் விருந்தாளிக்கும்தான் எடுத்துப் போடுவாங்க. மத்தபடி முடிச்சுப் போட்டு நெய்தது எல்லாம் பீரோவும் கதவும் அலங்காரமும்தான். சுவால்னா துணிமணி போட்டு வைக்கிற பெரிய பை, தோர்பா அதை விட உயரம் கம்மி, மஃப்ராஷ் அதுக்கும் சின்னது, இதையெல்லாம் கூடாரத்துச் சட்டத்துல வரிசையா மாட்டி வைப்பாங்க. எங்ஸி வாசல் திரை, நாலு கட்டமா பிரிஞ்ச டிசைன் வச்சே கண்டுபிடிக்கலாம். கபுனுக் வாசலுக்கு மேல தோரணம் மாதிரி தொங்கறது. ஓக்பாஷ் கூடாரக் கம்புகளோட முனைக்கு உறை, இடம் பெயரும்போது போடறது. அப்புறம் கூடாரத்தைச் சுத்திக் கட்டற பட்டை, ஒரு அடி அகலம், 12 மீட்டருக்கும் மேல நீளம், வெள்ளைத் தரையில டிசைன் மட்டும் முடிச்சா எழும்பி நிக்கும், அதை நெய்யற பொறுமையை நினைச்சாலே கை கூப்பத் தோணும்.

அஸ்மாலிக் இருக்கே, அது கல்யாணத்துக்கு. அஞ்சு மூலை, வீடு மாதிரி வடிவம், ஜோடியா நெய்வாங்க, பொண்ணு ஏறி வர்ற ஒட்டகத்தோட ரெண்டு விலாவுலயும் தொங்கும். நாடோடிப் பொண்ணு தன் கல்யாணத்துக்கு தானே நெய்தது, அதனாலதான் பழைய அஸ்மாலிக்ல கைவேலை அவ்வளவு கவனமா இருக்கு. ஜோடியில ஒண்ணு ஒரு நாட்டுலயும் இன்னொண்ணு வேற எங்கயோவும் கிடக்கறது இன்னிக்கு சகஜம், ஜோடியா கிடைச்சா தயவுசெஞ்சு பிரிக்காதீங்க.

ஒரு தெக்கே தோர்பாவைக் கையில எடுத்துப் பாருங்க. நாலடிக்குக் கொஞ்சம் கம்மி அகலம், ஒன்றரை அடி உயரம். மேல் ஓரத்துல பைலே இல்லாத ஒரு பட்டை, அதை உள்பக்கம் மடிச்சுத் தைச்சிருப்பாங்க, கயிறு மாட்டின இடத்துல மட்டும் நூல் இழுபட்டு லேசா ஓட்டையாகி இருக்கும். பின்பக்கத்து வெறும் துணியை வியாபாரிங்க அறுத்து எடுத்திருப்பாங்க, அறுத்த தழும்பு ரெண்டு ஓரத்துலயும் தெரியும். கீழ் ஓரத்துல நீலமும் சிவப்புமா குஞ்சம் இருந்ததுக்கு அடையாளமா ரெண்டு மூணு கட்டு நூல் மிச்சம். பைல் தேயவே இருக்காது, ஏன்னா யாரும் மிதிக்கல, சுவத்துல தொங்கினது. இந்தத் தழும்பையெல்லாம் "சரி பண்ணி" சுத்தமா ஓரம் கட்டிக் கொடுத்தா அது பைன்னே தெரியாமப் போயிடும். அதனாலதான் சொல்றேன், பழைய ஓரத்துல கை வைக்காதீங்க.

இவ்வளவு சிவப்பு எங்கேருந்து வந்துது?

மஞ்சிட்டி குடும்பத்துச் செடியோட வேர்லேந்து. படிகாரம் சேர்த்து காய்ச்சும்போது பக்குவத்தைப் பொறுத்து செங்கல் நிறத்துலேந்து ஈரல் நிறம் வரைக்கும் வரும். அந்த வேர்ல நிறம் தர்ற முக்கியமான பொருள் அலிசரின். நம்ம சோழமண்டலக் கரைல பருத்தித் துணிக்கு சிவப்பு ஏத்தின சாயவேர்லயும் அதே அலிசரின்தான். நீலத்துக்கு அவுரி, அது இந்தியாவுலேந்து வியாபாரிங்க மூலமா மத்திய ஆசியாவுக்குப் போச்சு, பொக்காரா மாதிரி ஊர்கள்ல நீலத்தொட்டி வேலை பெரும்பாலும் யூதச் சாயக்காரங்க கையில இருந்துது. சில பழைய துர்க்மென்ல குட்டி குட்டியா பட்டு முடிச்சு பளிச்சுனு ஒரு ரோஸ் சிவப்புல வரும், அது அரக்குச் சாயமாவோ கொச்சினீல் பூச்சிச் சாயமாவோ இருக்கும், அரக்கும் நம்ம பக்கத்துச் சரக்குதான்.

இயற்கைச் சாயமா கெமிக்கலான்னு வீட்டுல எப்படிப் பார்க்கறது?

1856ல லண்டன்ல பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிச்சார், அடுத்த சில வருஷத்துலயே ஃபுக்சின், அப்புறம் அசோ சாயங்கள்னு வரிசையா வந்து 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள ரயிலேறி துர்க்மென் பக்கம் வரைக்கும் போயிடுச்சு. ஃபுக்சின் முதல்ல பளிச்சுனு ஊதா கலந்த ரோஸ், வெளிச்சம் பட்டா சாம்பலா, அழுக்குப் பழுப்பா வெளுத்துடும். அதனால பைலைப் பிரிச்சுப் பாருங்க, நுனி சாம்பல், அடி பளீர் ரோஸ்னா அதுதான். காரமான ஆரஞ்சு நிறம் தனியா கண்ணைக் குத்தினாலும் சந்தேகப்படுங்க.

வெள்ளைப் பருத்தித் துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஒவ்வொரு நிறத்து மேலயும் அரை நிமிஷம் அழுத்தித் தேயுங்க. சிவப்பு துணில ஒட்டினா ஓடற சாயம். பக்கத்து வெள்ளை முடிச்சுல ரோஸ் ஏறியிருக்கான்னும் பாருங்க, எப்பவோ ஒரு தடவை நனைஞ்சப்ப ஓடினது அங்க உக்காந்திருக்கும்.

நல்ல இயற்கைச் சாயமும் வெளுக்கும், மஞ்சள் முதல்ல போகும், அதனால பச்சை நீலமா மாறி இருக்கும். நுனி லேசா மெலிஞ்சு அதே நிறமாவே இருந்தா பிரச்சினை இல்ல. இன்னொண்ணு, 1868ல அலிசரினை செயற்கையா செய்யக் கத்துக்கிட்டாங்க, அது வேர்ல இருக்கற அதே பொருள், கண்ணால பிரிக்க முடியாது, லேப்ல வேர்ச் சாயத்தோட கூட வர்ற பர்ப்யூரின் இருக்கான்னு பார்த்துதான் சொல்லுவாங்க. அதனால "கண்ணால பார்த்தே சொல்லிடுவேன்"னு அடிச்சுச் சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை.

ஒரே சிவப்பு பாதில திடீர்னு வேற சிவப்பா மாறுதே, ஒட்டுப் போட்டதா?

இல்ல. ஒரு தொட்டி நூல் தீர்ந்து அடுத்த தொட்டி நூல்ல நெய்திருப்பாங்க, கோடு நேரா அகல வாக்குல ஓடும். அப்ராஷ்னு பேரு, பழைய சரக்குல அது அழகு. கோடு வளைஞ்சு நெளிஞ்சு ஒரு திட்டா இருந்தாதான் பின்னாடி முடிச்சு போட்ட இடம், முதுகைப் பாருங்க.

ஆன்டிக், வின்டேஜ், வித்தியாசம் என்ன? வயசை எப்படி நம்பறது?

பொதுவா 100 வருஷம் தாண்டினா ஆன்டிக், அதுக்குக் கீழ சில பத்தாண்டு ஆனது வின்டேஜ். துர்க்மென் விஷயத்துல எனக்கு அதை விட முக்கியமான கோடு ஒண்ணு இருக்கு, 1881. அந்த ஜனவரில ஸ்கோபெலெவ் தலைமையில ரஷ்யப் படை கோக் தெபே கோட்டையை உடைச்சு தெக்கேக்காரங்களைக் கொன்னு குவிச்சுது, 1884ல மெர்வ்ங்கற சோலை ஊரும் ரஷ்யா கைக்குப் போச்சு, காஸ்பியன் ரயில் பாதை 1885ல அஷ்காபாத்துக்கும் 1888ல சமர்கண்டுக்கும் வந்துடுச்சு. வீட்டுக்கும் சீதனத்துக்கும் நெய்துட்டு இருந்தவங்க வித்துப் பிழைக்க நெய்யற நிலைமைக்கு வந்தாங்க. ரயில் சரக்கை வெளிய கொண்டு போச்சு, சாயப் பொடியை உள்ள கொண்டு வந்துது. அதுக்கப்புறம் நெய்ததுல குல் நெருக்கமாகும், சப்பையாகும், ஓரத்துல பார்டர் மேல பார்டரா ஏறும், முன்னாடி இருந்த காத்தோட்டம் குறையும். எல்லாத்துலயும் இல்ல, அதுக்கப்புறமும் அற்புதமா நெய்திருக்காங்க, ஆனா போக்கு அப்படித்தான்.

கார்பன் டெஸ்ட் பத்தி கேக்கறாங்க. 1650க்கு முந்தி நெய்ததுக்கு அது உதவும், சில துர்க்மென் துண்டுகள் அந்த அளவுக்குப் பழசுன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. அதுக்கு அப்புறம் வந்த சரக்குக்கு ஒரே முடிவு 17ஆம் நூற்றாண்டுன்னும் காட்டும் 20ஆம் நூற்றாண்டுன்னும் காட்டும், பிரிச்சுச் சொல்லாது. கடைல காட்டற 99 சதவீத ரக்குக்கு அது வீண் செலவு. நெய்த வருஷத்தையே எழுதி வச்ச ரக் காக்கேசியப் பக்கம் நிறைய, துர்க்மென்ல ரொம்ப அபூர்வம்.

டீத் தண்ணில முக்கி, வெயில்ல போட்டு, பிளீச் பண்ணி வயசாக்கின சரக்கும் சுத்துது. டீ போட்டதுல வெள்ளை முடிச்சு முன்னாடி பின்னாடி எல்லாம் ஒரே பழுப்பா இருக்கும், உண்மையான வயசுல பைலோட அடில வெள்ளை இன்னும் வெள்ளையா இருக்கும். அதே மாதிரி பழைய ரக்ல கரும்பழுப்பு நிறம் மட்டும் தேஞ்சு பள்ளமாகி மத்த நிறம் மேடா நிக்கும், அந்தச் சாயத்துல இருக்கற இரும்பு கம்பளியை அரிச்சது. கத்தரியால வெட்டி இதை போலியா பண்றதும் உண்டு, வெட்டினா நுனி ஒரே மட்டமா இருக்கும், அரிச்சா ஒழுங்கில்லாம இருக்கும்.

பலூச் ரக் விலை கம்மியா இருக்கே, ஏன்?

ரொம்ப நாளா வியாபாரிங்க அதை மதிக்கல, அவ்வளவுதான். ஈரான்ல கொராசான், சீஸ்தான், ஆப்கான்ல ஹெராத் பக்கம் நெய்தது. கருநீலம், கத்தரிக்காய் நிறம், கருஞ்சிவப்பு, முதல் பார்வைல இருட்டா இருக்கும். ஜன்னல் பக்கத்துல கொண்டு போய் பைல் சாயற திசைக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க, அந்த இருட்டுக்குள்ளேந்து நீலம் எழும்பி வரும், கம்பளியோட பளபளப்பு அப்பதான் புரியும். ஒட்டக நிறத்துல மரம் டிசைன் வச்ச தொழுகை விரிப்பு, பாலிஷ்ட்னு தலையணைப் பை, ரெண்டு பக்கமும் பை வச்ச கோர்ஜின், எல்லாம் இதுல உண்டு. கைல காசு குறைவா இருக்கு, உண்மையான பழங்குடி நெசவு ஒண்ணு வேணும்னா நான் முதல்ல காட்டறது பழைய பலூச்தான்.

கஷ்காய், கம்சே, லூரி எல்லாம் தெற்கு ஈரான்ல ஷிராஸ் பக்கத்து மேய்ச்சல் மக்கள், நிறம் திறந்து இருக்கும், நடுவுல கோழி, ஆடு, ஆள்னு திடீர் திடீர்னு வரும்.

டாங்கி, ஹெலிகாப்டர் போட்ட ரக் உண்மையா?

உண்மைதான். 1979ல சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள வந்த பிறகு அங்கயும் பாகிஸ்தான் அகதி முகாம்கள்லயும் நெய்தது. ஆரம்பத்துல வந்தது கண்ணால பார்த்ததை நெய்தது, அப்புறம் வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்கன்னு நெய்தது நிறைய.

மெஷின் ரக்கை எப்படித் தெரிஞ்சுக்கறது?

குஞ்சம் தனியா தைச்சிருந்தா பெரும்பாலும் மெஷின். பின்னாடி துணி ஒட்டி பசை வாசனை வந்தா டஃப்டட், அதாவது முடிச்சுப் போடாம துணில நூலைக் குத்தி பசையால ஒட்டினது. உதிர்ந்த ஒரு இழையைக் கொளுத்துங்க, கம்பளின்னா முடி கருகின வாசனை, பொடியாகும், செயற்கைன்னா உருகி மணியா சுருளும்.

கிழிஞ்சிருக்கு, ஓரம் போயிருக்கு. ரிப்பேர் பண்ணலாமா?

மேல பிரியாம நிறுத்தற ரிப்பேர் உடனே பண்ணுங்க, ஓரம் பிரிய விட்டா வருஷா வருஷம் ஒரு வரிசை போகும். ஆனா போன பகுதியை புதுசா நெய்து நிரப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க, பழைய துண்டு அப்படியே துண்டாவே இருக்கட்டும். சாயம் போன இடத்துல ஸ்கெட்ச் பேனாவால நிறம் தீட்டறதை ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. சட்டம் போடணும்னா பசை வேண்டாம், பருத்தித் துணில கைத்தையலா தைச்சு மாட்டலாம்.

நம்ம ஊர் ஈரத்துலயும் பூச்சிலயும் எப்படிக் காப்பாத்தறது?

எதிரி அந்துப்பூச்சியோட புழு, பறக்கற பூச்சி சாப்பிடாது. சோபாவுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடி, வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத இடத்துலதான் முட்டை போடும். அதனால மாசம் ஒரு தடவையாவது இடம் மாத்தி, திருப்பிப் போட்டு, ரெண்டு பக்கமும் வேக்குவம் பண்ணுங்க, சுழல்ற பிரஷ் வேண்டாம், குஞ்சத்துக்கிட்ட போகவே வேண்டாம். சின்ன பை, தோர்பா மாதிரி உள்ளதுல புழு வந்துட்டா பாலிதீன்ல காத்துப் போகாம கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, எடுத்ததும் பையைப் பிரிக்காம அறை சூட்டுக்கு வரட்டும், அப்புறம் வேக்குவம். நாஃப்தலின் உருண்டையை கம்பளி மேல படற மாதிரி போடாதீங்க, திறந்த அலமாரில வச்சாலும் பிரயோஜனம் கம்மி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைல பிளாஸ்டிக் சுத்தி கட்டி வச்சீங்கன்னா பூஞ்சை பிடிக்கும். துவைச்ச பழைய வேஷ்டியோட சேர்த்து மடிக்காம உருட்டி, தரையில படாம மேல வைங்க. காலை வெயில்ல ஒரு மணி நேரம் காய விடலாம், நாள் முழுக்க வேண்டாம். வாஷிங் மெஷின், சோப்புப் பவுடர், கொம்பால அடிக்கறது மூணும் கூடாது. துவைக்கணும்னா மேல சொன்ன துணி டெஸ்ட்ல எல்லா நிறமும் பாஸானா மட்டும், குளிர்ந்த தண்ணி, மிதமான சோப்புத் திரவம், நிழல்ல தட்டையா உலர்த்தணும், பெருசுன்னா கை வாஷ் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

வெளிநாட்டுலேந்து வாங்கிட்டு வரலாமா? இங்கேருந்து அனுப்பலாமா?

துர்க்மெனிஸ்தான்லேந்து கம்பளம் வெளிய கொண்டு வர அஷ்காபாத் கம்பள மியூசியத்தோட நிபுணர் சான்றிதழ் வேணும், வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட பேசிடுங்க. இந்தியாவுல 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல ஆன கலைப்பொருளை தனியாள் ஏற்றுமதி பண்ண முடியாது. அதனால ஒரு கடைக்காரர் "இது 150 வருஷப் பழசு, அமெரிக்காவுக்கு நானே அனுப்பி வைக்கிறேன்"னா, ரெண்டுல ஒண்ணு சரியில்லன்னு அர்த்தம்.

நேர்ல பார்த்துக் கண்ணைப் பழக்க எங்க போகலாம்?

அஷ்காபாத் கம்பள மியூசியம், வாஷிங்டன் டெக்ஸ்டைல் மியூசியம், பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்ய இனவியல் மியூசியம், அங்க 1900 வாக்குல தூதின்ங்கற ரஷ்யச் சேகரிப்பாளர் மத்திய ஆசியாவுக்குப் போய் சேகரிச்ச துர்க்மென் சரக்கு இருக்கு. அதே ஊர்ல ஹெர்மிடேஜ்ல பஸிரிக் கம்பளம், 1949ல அல்தாய் மலைல பனில உறைஞ்ச கல்லறைலேந்து எடுத்தது, கிட்டத்தட்ட 2400 வருஷப் பழசு, முழுசா கிடைச்சதுல அதை விடப் பழைய முடிச்சுக் கம்பளம் இல்ல. பல மியூசியங்க நல்ல பெரிய போட்டோவா இணையத்துல போட்டிருக்காங்க, போக முடியலன்னாலும் அதைப் பெருசு பண்ணிப் பாருங்க.

ஆன்லைன்ல வாங்கறேன். என்ன போட்டோ கேக்கணும்?

பகல் வெளிச்சத்துல முழு முன்பக்கம், முழு பின்பக்கம். நாலு மூலை தனித்தனியா. முதுகுல ஸ்கேல் வச்சு க்ளோஸப், முடிச்சை எண்ணற மாதிரி. பைலைப் பிரிச்சு அடி தெரியற போட்டோ, சிவப்புலயும் ரோஸ்லயும் கண்டிப்பா. குஞ்சம் க்ளோஸப், பாவு கம்பளியா பருத்தியான்னு. ஈரத்துணி தேய்ச்ச வீடியோ. ரக்கை வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்ச ஒரு போட்டோவும் கேளுங்க, ஓட்டையும் நைஞ்ச இடமும் அதுல தப்பாது. பின்பக்க போட்டோ தர மாட்டேன்னா விட்டுடுங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. வந்து இறங்கினதும் திருப்பி அனுப்பற தேதி முடியறதுக்குள்ள இதையெல்லாம் கையாலயும் ஒரு தடவை செஞ்சு பார்த்துடுங்க, மத்த கம்பளித் துணியோட சேர்க்கறதுக்கு முன்னாடி பூச்சி இருக்கான்னும் முதுகுல தட்டிப் பாருங்க.